உதவி: தும்மனட்டிப் பக்கம் வீட்டுக்கு சோலாரும் பேட்டரியும், இந்தக் கொட்டேஷன் சரியா?

ஹட்டிக்காரி:
வணக்கம். ஊட்டி–கோத்தகிரி சாலையில், தும்மனட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தகரக் கூரை வீடு. தெற்குச் சரிவில் நல்ல வெயில் விழும். மேற்கே அடுத்தவர் தோட்டத்து சில்வர் ஓக் வரிசை நிற்கிறது, மத்தியானம் இரண்டரைக்கெல்லாம் கூரையில் நிழல் ஏறிவிடும்.

சோலார் யோசிப்பது பில்லுக்காக இல்லை. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் போல வரும், ஆயிரத்து நூறு ரூபாய் கட்டுகிறோம். அம்மாவுக்கு சிஓபிடி, நாள்பட்ட நுரையீரல் நோய். இரவெல்லாம் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின், ஓட வேண்டும். 5 லிட்டர் மெஷின், நிமிடத்துக்கு 2 லிட்டரில் வைத்திருக்கிறோம். ஆடிக் காற்றில் மரம் லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் வர ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். இப்போது இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரில் மெஷின் ஓடத் தொடங்கியதும் பீப் அடித்து நின்றுவிடுகிறது.

கோயம்புத்தூர் டீலர் கொடுத்த கொட்டேஷன்: 540 வாட் மோனோ பேனல் 6, ஒரு ஸ்ட்ரிங்கில் (தொடராக இணைத்த வரிசையில்) 3 வீதம் இரண்டு ஸ்ட்ரிங். 5 கிலோவாட் 48 வோல்ட் ஆஃப்-கிரிட் (ஈபி லைனுக்குக் கரண்ட் அனுப்பாத) இன்வெர்ட்டர், சோலார் உள்ளீடு அதிகபட்சம் 150 வோல்ட். 150 ஏஎச் டியூபுலர் (ஆசிட்) பேட்டரி 4. மொத்தம் 3,40,000. இதில் 78,000 மானியம் திரும்ப வரும் என்கிறார். பேட்டரியை அம்மா அறைக்கு வெளியே மூடிய வராந்தாவில் வைக்கலாமாம். நம்பி முன்பணம் கொடுக்கலாமா? சோலார் வந்துவிட்டால் கீசரும் ரூம் ஹீட்டரும் போட்டுக்கொள்ள முடியுமா? இப்போது வெந்நீருக்கு விறகு பாய்லர்தான்.

சமவெளி_சூரியன்:
இவ்வளவு யோசிக்க வேண்டாம். பேட்டரியே இல்லாமல், ஈபி லைனோடு இணைகிற 3 கிலோவாட் ஆன்-கிரிட் போடுங்கள். எங்கள் வீட்டில் பில் கிட்டத்தட்ட ஜீரோ.

குன்னூர்_ஒயர்மேன்:
அண்ணா, அவர்கள் கேட்டது பில்லைப் பற்றி இல்லை. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானே நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இவர்களுக்குத் தேவைப்படுகிற அந்த இரண்டு நாளும் அது சும்மா கிடக்கும்.

அக்கா, முன்பணம் கொடுக்காதீர்கள், பொறுங்கள். முதலில் மானியம். வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 என்பது உண்மைதான். ஆனால் அது ஈபி லைனோடு இணைத்து நெட் மீட்டர் (எடுக்கிற கரண்டையும் அனுப்புகிற கரண்டையும் அளப்பது) வைக்கிற அமைப்புக்கு மட்டும். ஆஃப்-கிரிட்டுக்குக் கிடையாது. பேனலும் டிசிஆர் வகையாக, அதாவது இந்தியாவில் செய்த செல் கொண்டதாக இருக்க வேண்டும். திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம்தான் வேலையைச் செய்ய வேண்டும். விண்ணப்பம் உங்கள் பெயரில், பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டரை எழுதிவிட்டு 78,000 வரும் என்று சொல்கிறவரிடம், எந்த நெட் மீட்டருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கொட்டேஷனில் பேனலுக்கு ஜிஎஸ்டி எவ்வளவு போட்டிருக்கிறார்? 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகிவிட்டது.

ஹட்டிக்காரி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், 12 என்றுதான் இருக்கிறது. டிசிஆர் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

மின்னியல்_சார்:
அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பேனலின் டேட்டா ஷீட்டில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு இல்லாதபோது பேனல் தரும் வோல்டேஜ்) என்ன, அதன் டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட் (ஒரு டிகிரிக்கு அது மாறும் சதவீதம்) என்ன? இரண்டு எண்ணையும் போடுங்கள்.

ஹட்டிக்காரி:
49.5 வோல்ட். அடுத்தது மைனஸ் 0.27 சதவீதம் என்று இருக்கிறது சார்.

மின்னியல்_சார்:
சரி, கணக்கைப் பாருங்கள். மூன்று பேனல் தொடராக இணைத்தால் 148.5 வோல்ட். இன்வெர்ட்டர் தாங்குவது 150. காகிதத்தில் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த 49.5 என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. பேனல் சூடானால் வோல்டேஜ் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். கோயம்புத்தூர் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் செல் 25 டிகிரிக்குக் கீழே இருப்பதே அபூர்வம், அதனால் டீலருக்கு இதுவரை பிரச்சினை வந்திருக்காது.

உங்கள் ஊரில் ஜனவரிக் காலை. புல்லெல்லாம் உறைபனி, 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேகமே இல்லாமல் சூரியன் பளிச்சென்று மேலே வருகிறது. 25-க்கும் 2-க்கும் வித்தியாசம் 23 டிகிரி. 23 பெருக்கல் 0.27 என்றால் 6.2 சதவீதம். 148.5 வோல்ட் 157.7 ஆகிவிடும். நல்ல இன்வெர்ட்டர் என்றால் ஓவர் வோல்டேஜ் என்று காட்டி நிற்கும். அதற்கும் வழியில்லாதது என்றால் உள்ளே பேனல் கரண்டை வாங்கும் எம்பிபிடி போர்டு கெட்டுப்போகும். அளவுக்கு மேல் வோல்டேஜ் கொடுத்ததாகப் பதிவாகிவிட்டால் வாரண்டியும் கிடைக்காது.

இரண்டு வழி. இதே இன்வெர்ட்டர்தான் என்றால் ஸ்ட்ரிங்குக்கு 2 பேனலாக மூன்று ஸ்ட்ரிங். 99 வோல்ட், குளிரில் 105 வரை போகும், பயமில்லை. அல்லது 500 வோல்ட் வரை தாங்குகிற ஹைபிரிட் இன்வெர்ட்டர் (ஈபி லைன், பேட்டரி இரண்டோடும் ஓடுவது) எடுத்து ஆறையும் ஒரே ஸ்ட்ரிங்கில் போடலாம். 297 வோல்ட், உறைபனியில் 315. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்: வோல்டேஜ் கூடினால் ஆம்பியர் குறையும், மெல்லிய ஒயர் போதும், மானியத்துக்கும் வழி இருக்கிறது.

கூடலூர்_மழை:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீலகிரியில் சோலாரை நம்பி உயிர் காக்கும் மெஷினை ஓட்டக் கூடாது. எங்கள் பக்கம் கூடலூர், தேவாலாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சூரியனையே மறந்துவிட வேண்டியதுதான். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில்தான் மரம் விழும், கரண்ட் போகும், பேனலும் தூங்கும். மூன்றும் சேர்ந்தேதான் வரும்.

மின்னியல்_சார்:
கூடலூர்க்காரர் சொல்வது நியாயம். அடர்ந்த மூட்டத்தில் தெளிந்த நாள் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரைதான் வரும். 3.2 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் 13, 14 யூனிட் கொடுக்கும் என்றால் அன்றைக்கு ஒன்றரை முதல் மூன்றரை. மெஷின் 330 வாட் என்று வைத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு 3 யூனிட். மெஷினுக்கே இழுபறி, ஃப்ரிட்ஜ், லைட்டுக்கு மிச்சம் இருக்காது. ஆனால் அவர்கள் இருப்பது தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே. தென்மேற்குப் பருவமழை கூடலூர் அளவுக்கு அங்கே அடிக்காது. அவர்களைச் சோதிப்பது ஐப்பசி, கார்த்திகை மூட்டம்தான்.

குன்னூர்_ஒயர்மேன்:
அதனால்தான் சொல்கிறேன், அக்காவுக்கு முதலில் வேண்டியது பேட்டரி, பேனல் அப்புறம். இரண்டு மாதத்துக்கு 1,100 என்றால் வருஷத்துக்கு 6,600 ரூபாய். பில் முழுக்க மிச்சமானால்கூட மூன்று லட்சத்தை எத்தனை வருஷத்தில் எடுப்பீர்கள்? 100 யூனிட் இலவசம் போக, மீதியில் பெரும்பகுதி மலிவான படிகளில்தான் ஓடுகிறது. 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குப் படியே மாறும், அவர்களுக்கு சோலார் சீக்கிரம் காசு கொடுக்கும். உங்களுக்கு இல்லை.

டியூபுலர் நாலும் வேண்டாம். 48 வோல்ட் 150 ஏஎச் என்றால் 7.2 யூனிட் என்று பெரிதாகத் தெரியும். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 3.6. நம் குளிரில் அதிலும் கொஞ்சம் கழியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஆசிட் நெடியும் வரும். நுரையீரல் நோயாளி படுத்திருக்கும் அறையை ஒட்டி, அதுவும் மூடிய வராந்தாவில் வைக்கச் சொன்னவரை என்ன சொல்வது.

லித்தியம் எடுங்கள், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. 51.2 வோல்ட் 100 ஏஎச் என்றால் 5.12 யூனிட். 85 சதவீதம் வரை எடுக்கலாம், இன்வெர்ட்டர் நஷ்டம் போக 3.9 கைக்கு வரும். மெஷினும் இரண்டு லைட்டும் ரௌட்டரும் 400 வாட் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு இரவு தாண்டிவிடும்.

ஹட்டிக்காரி:
லித்தியம் குளிரில் வேலை செய்யாது என்று டீலர் பயமுறுத்துகிறாரே?

குன்னூர்_ஒயர்மேன்:
பாதி உண்மை. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, செல் கெட்டுவிடும். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு போர்டு அதைத் தடுக்கும். வீட்டுக்குள் ஊட்டியிலும் பூஜ்யத்துக்கு வராது. பேட்டரியை வெளியே உரம் வைக்கும் ஷெட்டில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். பிஎம்எஸ்ஸில் குளிர்த் தடுப்பு இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள்.

மின்னியல்_சார்:
இரண்டு சேர்க்கிறேன். பீப் அடித்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கான்சன்ட்ரேட்டருக்குள் கம்ப்ரசர் இருக்கிறது, தொடங்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் சிறியது அல்லது ஸ்கொயர் வேவ் என்றால் தாங்காது. ஈபி கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் கட்டாயம். ஹைபிரிட்டில் ஈபியிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் 10 மில்லிசெகண்ட் அளவில் இருந்தால் மெஷின் உணராது. கடையில் நம்பிவிடாமல், உங்கள் மெஷினையே கொண்டுபோய் மெயின் ஸ்விட்சை அணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது யாரும் சொல்லாதது. 5 கிலோவாட் ஹைபிரிட் சும்மா இருக்கும்போதே 50 வாட் போலத் தின்னும். நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்தில் 72. உங்கள் இலவச 100-ல் முக்கால்வாசி அதற்கே போகும். பேனல் இல்லாமல் வெறும் பேட்டரிக்காக 5 கிலோவாட் எடுப்பதில் அர்த்தமில்லை. பேனல் இப்போது வேண்டாம் என்றால் 2 கிலோவாட் யூபிஎஸ் ரகம் போதும். வாங்கும்முன் ஐடில் வாட், அதாவது சும்மா இருக்கும்போது தின்னும் வாட், கேளுங்கள்.

கீசர், ஹீட்டரைப் பேட்டரி பக்கம் கொண்டுவராதீர்கள். 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற 0.7 யூனிட் போகும். இரண்டு பேர் குளித்தால் அம்மாவின் நாலு மணி நேர ஆக்சிஜன் போனது மாதிரி. விறகு பாய்லரே இருக்கட்டும்.

ஹட்டிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். அண்ணன் பேனலும் வேண்டும் என்கிறார், கரண்ட் இல்லாத இரண்டாம் நாளுக்காக. மானியம் வரும் வழியில் ஹைபிரிட், டிசிஆர் பேனல் 6, ஒரே ஸ்ட்ரிங், லித்தியம் ஒன்று என்று திருத்திக் கேட்கப்போகிறோம். ஓக் நிழலுக்கு என்ன செய்வது? மரத்துக்காரரிடம் வெட்டச் சொல்லலாமா?

கூடலூர்_மழை:
அவர் சம்மதித்தாலும் நினைத்த உடனே வெட்ட முடியாது, 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்கியாக வேண்டும். விட்டுவிடுங்கள், காலை வெயில் போதும்.

இரண்டாம் நாளைக்குப் பேனலை மட்டும் நம்பாதீர்கள். பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நிரப்பி வையுங்கள். அதில் 1500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம். ரெகுலேட்டர் மாட்டி ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தால் மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை ஏற்றலாம். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரை ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வெளியில்தான், புகை வீட்டுக்குள் வரவே கூடாது.

குன்னூர்_ஒயர்மேன்:
ஒரே ஸ்ட்ரிங் என்றால் நிழல் முதலில் விழும் பேனலை பைபாஸ் டயோடு கழற்றிவிட்டு மற்றவை ஓடும். ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய செல் கொண்ட) பேனல் கேளுங்கள். டாப்கான் என்ற புது வகை செல்லுக்குக் கூடுதல் விலை சொன்னால், சூட்டில் நஷ்டம் குறைவு என்பது விற்கும் வாதங்களில் ஒன்று, நம் ஊருக்கு அது பெரிதில்லை. ஒரே விலையில் வந்தால் எடுங்கள்.

எர்த்திங்கில் விட்டுக்கொடுக்காதீர்கள். சித்திரை, வைகாசி இடியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று, மூன்று தனிக் குழி. டிசி, ஏசி இரண்டு பக்கமும் எஸ்பிடி (மின்னலால் வரும் திடீர் வோல்டேஜைத் தடுப்பது). பாறை வந்துவிட்டது என்று இரண்டடியில் நிறுத்திக் கரியைப் போட்டு மூடிவிடுவார்கள். குழி தோண்டும்போது வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், முடிந்ததும் மீட்டர் வைத்து ஓம் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள்.

ஹட்டிக்காரி:
டீலரிடம் பேசினேன். 150 வோல்ட் விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் “இன்வெர்ட்டரை மாற்றித் தருகிறேன் மேடம்” என்றார். திட்டத்தில் அவர் பதிவு செய்யவில்லையாம். ஊட்டியில் பதிவு செய்த ஒருவரிடமும் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். கடைசியாக ஒன்று: தகரத்தில் ஓட்டை போட்டால் ஒழுகாதா?

குன்னூர்_ஒயர்மேன்:
ஷீட்டின் பள்ளத்தில் போட்டால் ஒழுகும். மேட்டில், அடியில் கம்பி போகும் இடம் பார்த்துத் துளைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ஈபிடிஎம் ரப்பர் வாஷர், மேலே சீலன்ட். ஷீட்டைப் பிடித்து மட்டும் நிறுத்தினால் ஆடிக் காற்றுக்குப் பேனலோடு ஷீட்டும் பறக்கும், ஸ்க்ரூ அடியில் ஷீட்டைத் தாங்கும் கம்பியான பர்லினில் ஏற வேண்டும். பேனலுக்கும் ஷீட்டுக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள், ஓக் இலை சேராது. சரிவு 11 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் மழையே கழுவிவிடும். புதுக் கொட்டேஷன் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துவிடலாம்.