குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் எதற்கு? ஸ்ரீஹரிகோட்டா போதாதா?

பனங்காட்டான்:
எனக்கு உடன்குடிப் பக்கம். 2024 பிப்ரவரி 28 அன்று குலசையில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், அன்றைக்கே ரோகிணி ராக்கெட் ஒன்றையும் விட்டார்கள். அதிலிருந்து டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால் என்கிறார் ஒருவர், இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரி பக்கம் என்பதால் என்கிறார் இன்னொருவர். ஸ்ரீஹரிகோட்டாவில் இரண்டு ஏவுமேடை இருக்கும்போது எதற்கு இங்கே இவ்வளவு நிலம் எடுத்தார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பத்தாவது எழுதியிருக்கும் என் மகளுக்கு ராக்கெட் என்றால் உயிர். அவளை எதில் சேர்க்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்திசை:
அண்ணாச்சி, அந்த இரண்டுமே முக்கியக் காரணம் இல்லை. கிழக்கே பாயும் ராக்கெட்டுக்குத்தான் பூமியின் சுழற்சி கைகொடுக்கும், குலசையிலிருந்து போகப்போவது தெற்கே. மகேந்திரகிரியில் நடப்பது திரவ எரிபொருள் இன்ஜின் வேலை. ஆனால் குலசைக்காக நினைத்திருக்கும் எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டில் மூன்று நிலைகளும், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழன்று விழும் பகுதிகளும், திட எரிபொருள், உச்சியில் மட்டும் சின்னதாக ஒரு திரவப் பகுதி உண்டு.

உண்மையான காரணம் இலங்கை. வீட்டில் மேப் இருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் அடிக்கோலை வைத்து நேராகத் தெற்கே ஒரு கோடு போடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏறி, தீவை நீளவாக்கில் அறுத்துக்கொண்டு போகும். பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டித்தான் சுற்றும், அதனால் அவற்றைத் தெற்கு நோக்கித்தான் ஏவ வேண்டும். எரிந்து முடிந்த நிலைகள் அடுத்த நாட்டு மக்கள் தலைமேல் விழக்கூடாது. அதனால் அதைவிடப் பெரிய ராக்கெட்டான பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டும் விதமாக நடுவானில் திரும்புகிறது. வினாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் திசை மாறுவது சும்மா இல்லை, எரிபொருளைத் தின்னும். பிஎஸ்எல்வி 320 டன், தாங்கும். எஸ்எஸ்எல்வி வெறும் 120 டன், 34 மீட்டர் உயரம். இப்படி வளைந்து போனால் தூக்கும் எடையில் பெரும்பகுதி அந்தத் திருப்பத்துக்கே போய்விடும். குலசையில் அடிக்கோலை வையுங்கள், தெற்கே அண்டார்டிகா வரை கடல்தான். அங்கிருந்து நேராகப் போனால் சுமார் 300 கிலோவைத் துருவப் பாதைக்குக் கொண்டுபோகலாம்.

கோள்வட்டம்:
அப்போ ஸ்ரீஹரிகோட்டாவை மூடிவிடுவார்களா?

தென்திசை:
இல்லை. குலசைக்குக் கிழக்கே இலங்கை இருக்கிறதே! கிழக்கே போக வேண்டிய ஜிஎஸ்எல்வி, எல்விஎம்3 என்ற பெரிய ராக்கெட்டுகள், மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யான் எல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். குலசை சின்ன ராக்கெட்டுகளுக்கானது.

அலைவாய்க்கரை:
நான் மணப்பாடு. ராக்கெட் வரட்டும், எனக்கும் பெருமைதான். ஆனால் ஏவுகிற அன்று கடலில் குறிப்பிட்ட பகுதிக்குப் போகக்கூடாது என்பார்கள். ஒருநாள் என்றால் சமாளிக்கலாம். வானிலை சரியில்லை, வால்வில் கோளாறு என்று தள்ளிக்கொண்டே போனால்? விசைப்படகுக்கு ஏற்கெனவே ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை. அந்த நாளில் எங்கள் வள்ளங்கள்தான் ஓடும், விலை கிடைப்பதும் அப்போதுதான். தேதியை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நிவாரணம் வேண்டும். 1963இல் கேரளத்தின் தும்பாவில் முதல் ராக்கெட் விட்டபோது மீனவ மக்கள் தங்கள் தேவாலயத்தையே கொடுத்தார்கள், இன்றைக்கு அது விண்வெளி அருங்காட்சியகம். கடற்கரைக்காரர்கள் கொடுக்க மாட்டோம் என்று சொன்னதில்லை. கேட்டுச் செய்யுங்கள் என்கிறோம்.

லேத்துக்காரன்:
பிள்ளை படிப்பு பற்றி. ஏவுதளத்துக்குள் நிரந்தர வேலை ஊர் எதிர்பார்க்கும் அளவுக்கு இருக்காது, அதை நம்பி இருக்காதீர்கள். வேலை இருப்பது உதிரிபாகம் செய்யும் இடங்களில். இஸ்ரோவில் டெக்னீஷியன் பணிக்குப் பத்தாவதோடு ஐடிஐயில் ஃபிட்டர், மெஷினிஸ்ட், எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவர்களை எடுக்கிறார்கள். டிப்ளமோவில் முதல் வகுப்பு என்றால் டெக்னிக்கல் அசிஸ்டன்ட். இன்ஜினியராக வேண்டும் என்றால் பதினொன்றில் கணிதம், இயற்பியல் எடுக்கட்டும், திருவனந்தபுரத்தில் விண்வெளிப் படிப்புக்கான ஐஐஎஸ்டி கல்லூரி இருக்கிறது, அதில் சேர ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2022 ஆகஸ்டில் முதல் எஸ்எஸ்எல்வி தோற்றது இன்ஜினால் இல்லை. இரண்டாம் நிலை பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வைப் பார்த்து, நன்றாக இருந்த சென்சார்களைப் பழுது என்று கணினி முடிவு கட்டிவிட்டது. 2023 பிப்ரவரியில் திருத்தி ஏவி ஜெயித்தார்கள். அதனால் புரோகிராமிங்கும் கற்றுக்கொள்ளட்டும்.

பனங்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி மகளும் நானும் மேப்பை விரித்து அடிக்கோலை வைத்துப் பார்த்தோம், தம்பி சொன்னபடியேதான் இருக்கிறது. பார்த்துவிட்டு அவள் கேட்டாள், குலசையிலிருந்து விட்டால் முதல் நிலை கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும், மணப்பாட்டு வள்ளங்கள் அதுவரை போகுமா என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.