என்ஜின்எக்ஸ்: பயனர்களில் 10 சதவீதத்தைப் புதிய பதிப்புக்கு அனுப்பும்போது சிலருக்கு வெற்றுப் பக்கம் வருகிறது

கேள்வி

வணக்கம். ஒரே இணையச் செயலியின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே டொமைனுக்குப் பின்னால் இரண்டு சர்வர் குழுக்களில் ஓடவிட்டு, பயனர்களில் 10 சதவீதத்தினரை மட்டும் புதியதற்கு அனுப்ப முயன்று வருகிறோம். என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளில், கோரிக்கைகளைச் சதவீதப்படி பிரிக்கும் ‘ஸ்பிளிட் கிளையன்ட்ஸ்’ பகுதியில், பயனரின் ஐபி முகவரியைத் தரும் ‘ரிமோட் அட்ரஸ்’ மாறியைக் கொடுத்திருக்கிறேன். என்ஜின்எக்ஸுக்கு முன்னால் கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் ஒரு கிளவுட் லோடு பேலன்சரும் இருக்கிறது.

சிலருக்கு அவ்வப்போது வெற்றுப் பக்கம் வருகிறது. உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தால், ஹெச்டிஎம்எல் பக்கம் 200 (வெற்றி) என்று வந்திருக்க, அது கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு மட்டும் 404 (கோப்பு இல்லை) என்று சிவப்பில் நிற்கிறது. பக்கத்தை மறுபடி ஏற்றினால் சில சமயம் சரியாகிவிடுகிறது. இதற்கிடையே, 10 சதவீதம் என்று எழுதியிருந்தும், மொத்தக் கோரிக்கைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புதிய பதிப்பின் லாகில் (பதிவுக் கோப்பில்) பதிவாகிறது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 1

உண்டு. உங்கள் என்ஜின்எக்ஸ் அக்சஸ் லாகில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் பாருங்கள். அங்கே பயனர்களின் முகவரிகள் இல்லாமல், 10.0 என்று தொடங்கும் இரண்டு மூன்று முகவரிகளே திரும்பத் திரும்ப வந்தால், அவை லோடு பேலன்சரின் உள் முகவரிகள். ‘ஸ்பிளிட் கிளையன்ட்ஸ்’ தனக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பை மர்மர்ஹேஷ்2 முறையில் எண்ணாக்கி, அந்த எண் எந்தச் சதவீத எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்துத்தான் பிரிக்கிறது. அதற்கு மூன்றே முகவரிகள் கிடைத்தால், அவற்றில் ஒன்று புதிய பக்கம் விழுந்தவுடன் மூன்றில் ஒரு பங்கு போக்குவரத்து அங்கே போய்விடும். ஒரே பயனரின் இரண்டு கோரிக்கைகள் பேலன்சரின் வெவ்வேறு முகவரிகள் வழியாக வரும்போது, பக்கம் ஒரு பதிப்பிலிருந்தும் அதற்கான கோப்பு மற்றொன்றிலிருந்தும் கேட்கப்படுகின்றன. கோப்பின் பெயரிலேயே உள்ளடக்கத்தின் ஹேஷ் (அதிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி) சேர்ந்திருப்பதால், அந்தப் பெயர் மற்றப் பதிப்பில் இருக்காது, அதனால்தான் 404.

‘ரியல் ஐபி’ மாட்யூலில் பேலன்சரின் முகவரி வரம்பை நம்பத்தக்கதாக அறிவித்து, பேலன்சர் பயனரின் முகவரியை எழுதியனுப்பும் ‘எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்’ ஹெடரிலிருந்து (கோரிக்கையுடன் வரும் தகவல் வரியிலிருந்து) உண்மை முகவரியை எடுக்கச் சொன்னால் சதவீதம் ஓரளவு சீராகும். ஆனால் அத்துடன் நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே ஒருவருடைய முகவரி மாறிவிடுகிறது. மொபைல் நிறுவனங்களின் வலையமைப்பிலோ பல பேர் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஒருவர் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவர் என்பதை ஒருமுறை முடிவுசெய்து, குக்கியில் எழுதிவிடுங்கள். ‘மேப்’ பகுதியில் அந்தக் குக்கியைப் படித்து, ‘பழையது’ அல்லது ‘புதியது’ என்று இருந்தால் அதற்குரிய சர்வர் குழுவையும், வேறு எது இருந்தாலும் ‘ஸ்பிளிட் கிளையன்ட்ஸ்’ தரும் விடையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். குக்கியின் மதிப்பை அப்படியே, கோரிக்கை எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ‘பிராக்ஸி பாஸ்’ வரியில் போடாதீர்கள். அங்கே என்ன வர வேண்டும் என்பதைப் பயனர் தீர்மானிக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. லாகில் மூன்று முகவரிகளே இருந்தன. குக்கி வைத்தபின் வெற்றுப் பக்கம் அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் பதிலுடன் ஹெடர்களைச் சேர்க்கும் ‘ஆட் ஹெடர்’ மூலம் குக்கியை உள்ளே இருக்கும் ‘லொகேஷன்’ பகுதியில் சேர்த்ததிலிருந்து, அதற்கு வெளியே உள்ள ‘சர்வர்’ பகுதியில் எழுதியிருந்த பாதுகாப்பு ஹெடர்கள் பதிலில் வருவதில்லை. மேலும், வலைச்செயலியின் பெயர், ஐகான் போன்ற விவரங்களைத் தரும் மேனிஃபெஸ்ட் கோப்புக்கு மட்டும் இன்னும் 404 வருகிறது.

மறுமொழி 2

முதலாவது என்ஜின்எக்ஸின் இயல்பு. உள்பகுதியில் ஒரு ‘ஆட் ஹெடர்’ எழுதினாலும் போதும், வெளிப்பகுதியில் உள்ளவை எதுவும் அங்கே இறங்கி வராது. எல்லாவற்றையும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, இரண்டு இடத்திலும் ‘இன்க்ளூட்’ செய்வதே வசதி. ‘ஆல்வேஸ்’ என்று சேர்க்காவிட்டால் 404, 500 போன்ற பதில்களில் அந்த ஹெடர்கள் போகாது என்பதையும் கவனியுங்கள்.

மேனிஃபெஸ்ட்டை உலாவிகள் இயல்பாகக் குக்கி இல்லாமலேயே கேட்கின்றன. அதன் லிங்க் குறிச்சொல்லில் ‘கிராஸ்ஆரிஜின்’ பண்புக்கு ‘யூஸ் கிரெடென்ஷியல்ஸ்’ என்று கொடுத்தால் குக்கியும் சேர்ந்து வரும். இதைவிட உறுதியான வழி, ஹேஷ் பெயர் கொண்ட கோப்புகளை இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவான ஒரே இடத்தில் வைத்து வழங்குவது. பெயர்கள் மோதாது, யார் எந்தப் பதிப்பிலிருந்து கேட்டாலும் கோப்பு கிடைக்கும். நேற்றிலிருந்து டேபை மூடாமல் வைத்திருப்பவருக்கும் இதனால் சிக்கல் வராது. ஹெச்டிஎம்எல் பக்கத்துக்கு மட்டும் ‘நோ கேச்’ கொடுங்கள்.

சதவீதத்தை உயர்த்தும் முன் ‘ஸ்பிளிட் கிளையன்ட்ஸ்’ பகுதியில் புதிய பதிப்பு முதல் வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லைகள் மேலிருந்து கீழாகக் கூட்டப்படுவதால், 10 என்பதை 25 ஆக்கும்போது, முகவரி மாறாதவரை, ஏற்கெனவே புதியதில் இருந்தவர்கள் குக்கியை அழித்துவிட்டாலும் அங்கேயே நீடிப்பார்கள். பின்வாங்க நேர்ந்தால் ‘ஸ்பிளிட் கிளையன்ட்ஸ்’ பகுதியில் புதிய பதிப்பின் வரியை நீக்குவது மட்டும் போதாது. ‘புதியது’ என்ற குக்கியுடன் வருபவர்கள் தொடர்ந்து அங்கேதான் போவார்கள். ‘மேப்’ பகுதியில் அந்த மதிப்பையும் பழைய குழுவுக்கே திருப்பிவிட்டு ரீலோடு செய்யுங்கள். குக்கியின் பெயரில் வெளியீட்டு எண்ணையும் சேர்த்துவிட்டால், அடுத்த வெளியீட்டின்போது முந்தைய குக்கிகள் குறுக்கே வராது.