வாளையார் ரோட்டு பஸ் ஜிபிஎஸ் பதிவை வேனட் சிமுலேஷனுக்குக் கொடுப்பது எப்படி?

கேள்வி (பாலக்காடு)
பாலக்காடு–கோவை பஸ்களின் ஜிபிஎஸ் பதிவு இருக்கு. 30 செகண்டுக்கு ஒரு புள்ளி. சந்திரநகரிலிருந்து எட்டிமடை வரை 802.11p (வண்டிக்கு வண்டி பேசுற வைஃபை வகை) மெசேஜ் வேனட்டில், அதாவது வண்டிகளே சேர்ந்து அமைக்கிற ரேடியோ நெட்வொர்க்கில், எப்படிப் பரவுதுன்னு பார்க்கணும். புள்ளிகளை நேர்கோட்டில் இணைச்சு என்எஸ்-3ங்கிற நெட்வொர்க் சிமுலேட்டருக்குக் கொடுத்தா, வளைவுகளில் வண்டி ரோட்டை விட்டு இறங்கிடுது. பாக்கெட்டும் (அனுப்புற மெசேஜ் துண்டு) பெரும்பாலும் சேரலை. என்ன செய்யலாம்?

பதில் 1 (கோவை)
இடைவெளிதாங்க காரணம். 60 கி.மீ. வேகத்தில் 30 செகண்டுக்குள் பஸ் 500 மீட்டர் போயிடும். ரேடியோ எட்டுற தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். பெய்ஜிங் டாக்ஸி பதிவான டி-டிரைவில் சராசரி இடைவெளி 177 செகண்ட், அதுக்கும் இதே கதிதான். பதிவிலிருந்து வழியையும் நேரத்தையும் மட்டும் எடுத்துக்கோங்க, நடுவில் வண்டி ஓட்டுற வேலையை சுமோங்கிற (SUMO) போக்குவரத்து சிமுலேட்டர் பார்க்கட்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை நெட்கன்வெர்ட்டில் (வரைபடத்தை சுமோவின் நெட் ஃபைலா மாத்துற கருவி) போடும்போது, இடதுபக்கம் ஓட்டுற ஊருக்கான லெஃப்ட்ஹேண்ட் ஆப்ஷனை மறக்காதீங்க. மறந்தா பஸ் எதிர்த்தடத்தில் ஒட்டும். ரயில் பாதையையும் வடிகட்டிடுங்க. அப்புறம் ஜிபிஎஸ் புள்ளிகளை ரோட்டோட பொருத்துற டிரேஸ்மேப்பரை ஓட்டுங்க. ஆயத்தொலைவை நீங்களே யூடிஎம் 43 வடக்குக்கு (நம்ம பகுதிக்கான மீட்டர் ஆயமுறை) மாத்தினா, நெட் ஃபைலில் இருக்கிற நெட்ஆஃப்செட்டையும் (வரைபடத்தை நகர்த்தின அளவு) கூட்டணும். விட்டா எல்லாப் புள்ளியும் வரைபடத்துக்கு வெளியே விழும். சுமோவோட பைதான் லைப்ரரியான சுமோலிப்பில், ஆயத்தொலைவை மாத்துற ஃபங்ஷனைக் கூப்பிட்டா இந்தத் தொல்லையே இல்லை.

நிக்கிற பஸ்ஸின் புள்ளி சில மீட்டர் அங்குமிங்கும் ஆடும். வேகம் 3 கி.மீ.க்குக் கீழே இருந்தா ஒரே இடம்னு வச்சு, அந்த நேரத்தை ஸ்டாப்பில் நிக்கிற நேரமா எழுதுங்க.

பதில் 2 (கஞ்சிக்கோடு)
அண்ணன் சொன்னது சரி, ஆனா பாக்கெட் சேராததுக்கு வேறொரு காரணமும் உண்டு. ரோட்டில் ஓடுறதில் பஸ் ரொம்பக் கொஞ்சம். பஸ் மட்டும் இருந்தா நெட்வொர்க் துண்டு துண்டாத்தான் நிக்கும். லாரி, கார், பைக் எல்லாத்தையும் பின்னணிப் போக்குவரத்தா சேர்க்கணும். எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி வண்டிகளை உருவாக்குற சுமோவின் ரூட்சாம்ப்ளருக்கு, எண்ணிக்கையோட வண்டிகள் போகக்கூடிய வழிகளின் பட்டியலையும் கொடுங்க. டோல் கணக்கை மட்டும் நம்பாதீங்க. டூவீலருக்கு டோல் கிடையாது, அதனால் அந்தக் கணக்கில் பைக் வராது. பைக்கை ஒருநாள் ரோட்டோரம் நின்னு எண்ணணும். அதில் ரேடியோ இல்லைன்னு வச்சாலும், மத்த வண்டிகளின் வேகத்தையும் இடைவெளியையும் அதுதான் மாத்துது. நம்ம ஊர்ல பைக் லேன் பார்த்து ஓடாது, அதனால் ஒரே லேனில் பக்கவாட்டில் நகர விடுற லேட்டரல் ரெசல்யூஷனை 0.8 மீட்டர் வைங்க.

சுமோவில் 300 செகண்ட் நகராத வண்டி டெலிபோர்ட் ஆகும், அதாவது அங்கிருந்து தூக்கி முன்னாடி வைக்கப்படும். செக்போஸ்ட் வரிசையில் இது நடந்தா ரேடியோ திடீர்னு முன்னாடி குதிக்கும், ரிசல்ட் வீண். டைம்-டு-டெலிபோர்ட்டை -1 ஆக்கி அதை நிறுத்திடுங்க.

பதில் 3
என்எஸ்-3 பத்தி. சுமோ ரிசல்ட்டை மாத்தித் தர்ற டிரேஸ்எக்ஸ்போர்ட்டரில், வண்டி நகர்வு இருக்கிற என்எஸ்2 மொபிலிட்டி ஃபைலோட, வண்டி கிளம்புற, முடிக்கிற நேரம் இருக்கிற ஆக்டிவிட்டி ஃபைலும் எடுங்க. இல்லைன்னா கிளம்பாத வண்டியும் ஊரைத் தாண்டிப் போன வண்டியும் நோடா (நெட்வொர்க்கில் ஒரு புள்ளியா) அங்கேயே நின்னு மெசேஜ் அனுப்பிட்டிருக்கும். ஆக்டிவிட்டி நேரம் பார்த்து, மெசேஜ் அனுப்புற ஆப்பை ஸ்டார்ட், ஸ்டாப் பண்ணணும். மெசேஜ் செகண்டுக்கு 10 போனா, சுமோவின் ஸ்டெப்பும் (ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் நடுவில் உள்ள நேரம்) 0.1 செகண்டா இருக்கட்டும்.

இந்த ரூட்டில் உயரமான லாரி நிறைய. கட்டடத்தைவிட அதுங்கதான் கார் ரேடியோவை மறைக்கும். சுமோவோட சேர்ந்து ஓடுற இன்னொரு வேனட் சிமுலேட்டரான வெயின்ஸில் வண்டி மறைப்புக்குத் தனி மாடல் இருக்கு, அதுக்காகவே அங்கே மாறுறது நல்லது.

கேள்வி கேட்டவர்
நன்றிங்க. சிமுலேஷன் நிஜத்தோட ஒத்துப்போகுதான்னு எப்படிப் பார்க்கிறது?

பதில் 1 (கோவை)
பத்தில் இரண்டு பஸ்ஸைத் தனியா ஒதுக்கி வைங்க. வாளையாரிலிருந்து கஞ்சிக்கோடு போக அவை எடுத்த நேரத்தை சிமுலேஷனோட ஒப்பிடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு: ஜிபிஎஸ் பதிவின் நேரம் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்), பஸ் அட்டவணை நம்ம நேரம். ஐந்தரை மணி கூட்டாம விட்டா காலை நெரிசல் நடுராத்திரிக் கணக்கில் போய் உட்காரும்.