புதுப்பிப்பு: கையால் செய்த மாண்டலின், வாங்கியாச்சு

பையனுக்குக் கர்நாடக சங்கீதம் பழக மாண்டலின் தனியாகச் சொல்லிச் செய்யணும், எட்டுக் கம்பியா ஐந்தா என்று சித்திரையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"அட்வான்ஸ் கொடுக்கு முன்னால ரெண்டையும் வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்ற அண்ணாச்சி யோசனைதான் பலித்தது. எட்டில் ஜோடிக் கம்பியைச் சேர்த்து இழுத்தால் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) பிசிறியது. விரல் நுனியும் சிவந்துபோச்சு. மாண்டலின் மேதை யு. ஸ்ரீநிவாஸ் வைத்திருந்த மாதிரி ஐந்து ஒற்றைக் கம்பி எலெக்ட்ரிக்கே சொன்னோம்.

எதிர்பாராதது ஒன்று. செய்தது குற்றாலப் பக்கம், சாரல் நேரத்தில். பாளையங்கோட்டை வெயிலுக்கு வந்த பத்தாம் நாள் கழுத்துப் பலகை சுருங்கி, அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் (ஃபிரெட்) நுனிகள் ஓரத்தில் துருத்திக் கையைக் கீறின. செய்தவரே சின்ன அரத்தால் தேய்த்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறவரிடம் வாங்கியது நல்லதாப் போச்சு.