பாலம் பதிந்த அட்டைகள், தபால்தலைகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன்

பாலங்களைச் சேகரிக்கிறேன் என்று சொன்னால், "எத்தனை நாட்டுப் பாலம் வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாட்டுக் கணக்கை நான் விட்டு வெகுநாளாகிவிட்டது. ஒரே பாலத்தை வெவ்வேறு காலத்தில் காட்டும் அட்டைகளையும் தபால்தலைகளையும் தேடி ஒரே பக்கத்தில் வைப்பதுதான் இப்போது என் வேலை. ஆல்பம் மெதுவாகத்தான் நிறைகிறது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

என்னை இந்தப் பக்கம் திருப்பியது போஸ்னியாவில் இருக்கும் மோஸ்தார் பாலம். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் நடந்த ஒரு தபால்தலைக் கண்காட்சி. ஒரு வியாபாரியின் மேசையில் 'ஐரோப்பா, கலவை' என்று எழுதிய அட்டைப்பெட்டி இருந்தது. துழாவியபோது யூகோஸ்லாவியா காலத்து வண்ண அட்டை ஒன்று கையில் வந்தது. ஒற்றை வளைவுக் கல் பாலம். அதன் உச்சியிலிருந்து ஒரு வாலிபன் இரண்டு கைகளையும் விரித்தபடி ஆற்றில் குதிக்கிறான். கீழே நெரெத்வா ஆறு பச்சைப்பசேலென்று ஓடுகிறது. விலை கேட்டேன். வியாபாரி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பாலம் இப்ப இல்ல தம்பி, சண்டையில உடைச்சிட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்துதான் முழு விவரத்தையும் படித்தேன். 1566-இல் ஒட்டோமான் கட்டடக் கலைஞர் ஹைருத்தீன் கட்டி முடித்த பாலம். 1993 நவம்பர் 9 அன்று குரோவாட் படையின் பீரங்கிக் குண்டுகளில் இடிந்து ஆற்றில் விழுந்தது. நான்கு நூற்றாண்டுக்கு மேல் நின்ற ஒன்று. அந்த அட்டையை அச்சடித்தவருக்கோ, குதித்த அந்த வாலிபனுக்கோ இப்படி ஆகும் என்று தோன்றியிருக்குமா?

அதன்பிறகு மோஸ்தாரை விடவில்லை. ஆஸ்திரியா-ஹங்கேரி ஆட்சிக்காலத்தில் 1906-இல் போஸ்னியாவுக்கென்று வெளியிட்ட தபால்தலை வரிசையில் இந்தப் பாலம் உண்டு. வடிவமைத்தவர் வியன்னாவின் புகழ்பெற்ற ஓவியர் கோலோமன் மோசர். செதுக்கு அச்சு, அதாவது உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் வானமும் தண்ணீரும் கல்லும் வெறும் கோடுகளால் ஆனவை என்று தெரியும். கோட்டின் நெருக்கம் மட்டுமே நிழலாகிறது. இந்த வரிசையில் ஓரத்துப் பற்களின் வகைகள் ஏராளம், அதற்காகவே தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பாலம் இருக்கும் ஒன்று போதும்.

2004 ஜூலை 23 அன்று மீண்டும் கட்டிய பாலத்தைத் திறந்தார்கள். அதே ஊர்ச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி, பழைய முறையிலேயே அடுக்கியிருந்தார்கள். புதுப் பாலத்தின் அட்டை ஒன்று நண்பர் மூலம் வந்தது. மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தேன். 1906 தலையில் கரையோரம் தெரிவது பழைய காலத்து மோஸ்தார். யூகோஸ்லாவியா அட்டையில் கற்கள் மழையிலும் வெயிலிலும் கறுத்து, விளிம்பு மழுங்கி இருக்கின்றன. புதிய அட்டையில் கல் வெளேரென்று, வெட்டிய முனை அப்படியே தெரிகிறது. குதிப்பவர்கள் மட்டும் மாறவில்லை, புது அட்டையிலும் ஒருவர் குதிக்கிறார்.

கனடாவின் கியூபெக் பாலம் இன்னொரு பக்கம். 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே தெற்குக் கை சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி இரும்பு வேலைக்காரர்கள். அந்தக் காலத்தில் விபத்து நடந்தால் உடனே அதைப் படம்பிடித்து அட்டையாக விற்பார்கள். முறுக்கிக் கிடக்கும் இரும்புக் குவியலின் அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பது உடல்நல விசாரிப்பும் அடுத்த வாரம் வருகிறேன் என்ற செய்தியும்தான். 1916-இல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அதுவும் ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். 1917-இல் ஒருவழியாக முடிந்தது. பிறகு கனடா 1928-29 வரிசையின் 12 சென்ட் தலையில் கம்பீரமாக அந்தப் பாலத்தை வைத்தது. தலையை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கம்பீரம் தெரியும். பக்கத்தில் 1907 அட்டையும் இருந்தால்தான் அது என்ன விலைக்கு வந்தது என்பது புரியும்.

பாலமே இல்லாத பாலத் தபால்தலை ஒன்றும் உண்டு. அன்று அமெரிக்க ஆட்சியில் இருந்த பனாமா கால்வாய் மண்டலம் 1962 அக்டோபர் 12 அன்று, தாட்சர் ஃபெரி பாலம் திறந்த நாளில், 4 சென்ட் தலை வெளியிட்டது. கறுப்பும் வெள்ளியும் இரண்டு நிறம். பாலம் வெள்ளி நிறத்தில். ஒரு தாளில் வெள்ளி மை ஏறவே இல்லை. 50 தலைகள் கொண்ட அந்தத் தாள் பாஸ்டனில் இருந்த ஹெச். இ. ஹாரிஸ் என்ற பெரிய வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்தது. விஷயம் தெரிந்ததும் கால்வாய் மண்டல அதிகாரிகள் அதே பிழையை வேண்டுமென்றே இன்னும் நிறைய அச்சடித்து, அரிய பொருள் என்ற மதிப்பே இல்லாமல் செய்யப் பார்த்தார்கள். ஹாரிஸ் நீதிமன்றம் போனார், ஜெயித்தார். மறு அச்சு நின்றது. அந்தப் பிழைத் தலை நம் கைக்கு எட்டாது. பாலம் சரியாக விழுந்த சாதாரணத் தலை மலிவாகவே கிடைக்கும், வாங்கி வைத்திருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று. பளபளவென்று எழுதாத அட்டையை மட்டும் தேடாதீர்கள். தபாலில் போய் வந்த அட்டையில் முத்திரையும் தேதியும் இருக்கும், எழுதியவர் கையும் இருக்கும். தேதி அழிந்திருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். செய்திக்கும் முகவரிக்கும் நடுவில் கோடு இருந்தால் அது பிரிட்டனில் 1902-க்குப் பிறகு, அமெரிக்காவில் 1907-க்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் பின்பக்கம் முழுவதும் முகவரிக்குத்தான், செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். அப்புறம், கடலோர ஊர்க்காரர்கள் பிவிசி உறைகளைத் தவிர்த்துவிடுங்கள். மை ஒட்டிக்கொள்ளும்.

* * *

பதில், சிட்னியிலிருந்து:

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப சிட்னியில் இருக்கிறேன். நீங்கள் எழுதினது எனக்கு நல்லாப் பொருந்தும், ஏனென்றால் நான் சேர்ப்பது ஒரே ஒரு பாலம்தான், இங்கே இருக்கிற ஹார்பர் பாலம்.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது 1930-இல் தபாலில் போன ஒரு அட்டை. இரண்டு கரையிலிருந்தும் பாதி பாதியாக வளைவு நீண்டு வருகிறது, நடுவில் வெறும் வானம். அந்தப் பாதி வளைவுகள் தண்ணிக்குள் விழாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் 128 இரும்பு வடங்களைப் பாறைக்குள் குடைந்த சுரங்கத்தில் கட்டி இழுத்து வைத்திருந்தார்கள். அட்டையை உற்றுப் பார்த்தால் வளைவின் பின்பக்கம் அந்த வடங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். ஆகஸ்ட் 19 இரவு இரண்டு பாதியும் தொட்டுக்கொண்டன. என் அட்டை அதற்குச் சில கிழமை முந்தினது.

அதை விற்றது ஞாயிறு சந்தையில் கடை போட்டிருந்த ஒரு வயதான அம்மா. நான் விலை பேசாமல் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டு, தன்னுடைய தகப்பனார் அந்தப் பாலத்தில் ரிவெட் (இரும்புத் துண்டுகளை இணைக்கிற ஆணி) வேலை செய்தவர் என்று கதைக்கத் தொடங்கினா. பழுக்கக் காய்ச்சின ரிவெட்டை ஒருவர் இடுக்கியால் எடுத்து வீச, இன்னொருவர் வாளியில் ஏந்திப் பிடிப்பாராம். தகப்பனார் பிடிக்கிற ஆள். பாலம் முழுக்க அறுபது லட்சம் அளவில் ரிவெட் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது சட்டையில் பொட்டுப் பொட்டாக எரிந்த ஓட்டை இருக்கும் என்று தாயார் சொல்லுவாவாம். அந்த அட்டையின் உறையில் அவ சொன்னதைச் சுருக்கமாக எழுதி வைத்திருக்கிறேன்.

முத்திரை (நீங்கள் தபால்தலை என்று சொல்வது) பற்றியும் கொஞ்சம். 1932 மார்ச் 19 பாலம் திறந்தது, முத்திரைகள் மார்ச் 14-ஆம் திகதியே வந்துவிட்டன. 2 பென்ஸ் சிவப்பு, 3 பென்ஸ் நீலம், 5 ஷில்லிங் பச்சை. வளைவுக்குக் கீழே போகிற கப்பல் ஓர்ஃபோர்ட். 2 பென்ஸ் இரண்டு விதமாக அச்சானது. செதுக்கு அச்சில் வந்ததற்குப் பல் அளவு (இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை பல்) 11, மற்றதற்கு 10½. பல் அளவுகோலை வைத்தால் உடனே தெரிந்துவிடும். 5 ஷில்லிங் என்பது அந்த நாளில் சாதாரணக் கடிதக் கட்டணத்தைப் போல முப்பது மடங்கு. பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் ஊரே தவித்த நேரம், யார் வாங்குவார்கள்? அதனால்தான் இன்றைக்கு அதற்கு அந்த விலை. வாங்குகிறவர்கள் சான்றிதழோடு வாங்குங்கள்.

* * *

பதில், கோவையிலிருந்து:

சார், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சிவில் என்ஜினியரிங் கற்றுக்கொடுக்கிறேன், எனக்கு எல்லாப் பாலமும் வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு அட்டை பரிமாறிக்கொள்ளும் போஸ்ட்கிராஸிங் இணையதளத்தில் இருக்கிறேன், யாருடைய அட்டை வரும் என்று முன்கூட்டியே தெரியாது. "பாலம் இருந்தால் அனுப்புங்கள்" என்று மட்டும் என் அறிமுகத்தில் எழுதியிருக்கிறேன். நானாகத் தேடியிருந்தால் இவற்றில் பாதியைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டேன். எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் அட்டையைக் கொடுக்கும்முன் வாசலில் நின்று, "இன்னைக்கு எந்த ஊர்ப் பாலம்மா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தருவார். போர்ட்டோ நகரின் இரண்டடுக்கு இரும்புப் பாலம் வந்த அன்று, மேலே எது போகும், கீழே எது போகும் என்று வெயிலில் நின்றபடி கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பிரிட்டன் 1968-இல் நான்கு தலை வெளியிட்டது. பெரிய கற்பலகைகளை அப்படியே தூக்கி வைத்த டார் ஸ்டெப்ஸ், 18-ஆம் நூற்றாண்டுக் கல் வளைவான ஆபர்ஃபெல்டி, பொறியாளர் டெல்ஃபோர்டின் மெனாய் தொங்கு பாலம், கடைசியில் எம்4 நெடுஞ்சாலையின் கான்கிரீட் மேம்பாலம். வகுப்பில் இந்த நான்கையும் வரிசையாகக் காட்டினாலே ஒரு பாடம் முடிந்துவிடும். சீனாவின் 1962 வரிசையில் இருக்கும் ஆன்ஜி பாலமும் அப்படித்தான். கி.பி. 605 வாக்கில் கட்டியது. பெரிய வளைவின் இரண்டு தோளிலும் இரண்டிரண்டு சின்ன வளைவுகள் திறந்திருக்கும். எடை குறையும், வெள்ளமும் அதன் வழியே போய்விடும். தலையில் விரல் நகம் அளவில் தெரியும் அந்தத் துளைகளைக் காட்டி, இது எதற்கு என்று கேட்பேன். பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன 'ஒரே பாலம்' எனக்கும் ஒன்று அமைந்தது. ஜப்பானில் இவாகுனி ஊரிலிருந்து ஒருவர் கின்டாய் பாலத்தின் அட்டை அனுப்பினார். ஐந்து வளைவு மரப்பாலம், 1673-இல் கட்டியது. 1950 புயல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1953-இல் மரத்திலேயே திரும்பக் கட்டினார்கள், அதே வருஷம் தபால்தலையும் வந்தது. அந்தத் தலையைத் தேடி வாங்கி அட்டை பக்கத்தில் வைத்துவிட்டேன்.

* * *

பதில், ராமநாதபுரத்திலிருந்து:

ஐயா, பள்ளி ஆசிரியர் நான். 2007-இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட பாலங்கள் வரிசையில் ஹவுரா, வித்யாசாகர் சேது, மகாத்மா காந்தி சேதுவோடு நம்ம பாம்பனும் இருக்கிறதே, அந்தத் தலை என்னிடம் மின்ட்டாக (பயன்படுத்தாமல் புதிதாக) இருக்கிறது. கப்பலுக்காகத் தூக்கு திறந்து நிற்கும் பழைய பாம்பன் பாலத்தின் பட அட்டையும் கிடைத்திருக்கிறது. சின்ன வயதில் பலகைத்தடம் மேல் நின்று ஆட்கள் கையாலேயே அந்தத் தூக்கைச் சுற்றித் திறப்பதைப் பார்த்தவன். இரண்டையும் சேர்த்து மாக்ஸிமம் கார்டு (தலையில் உள்ள அதே படம் இருக்கும் அட்டையில் தலையை ஒட்டி முத்திரை வாங்குவது) செய்யலாமா? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

* * *

பதிவை எழுதியவரிடமிருந்து:

தாராளமாகச் செய்யலாம் ஐயா. தலையை அட்டையின் படம் இருக்கும் பக்கத்தில் ஒட்டுங்கள், வலது மேல் மூலையில் வானம் மட்டும் இருக்கும் இடமாகப் பார்த்து. முத்திரை பாதி தலையிலும் பாதி படத்திலும் விழ வேண்டும். ஊர் பொருந்துவது முக்கியம், அதனால் பாம்பன் அல்லது ராமேஸ்வரம் தபால் நிலையத்துக்கு நேரில் போங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் போய், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, முதலில் வெற்றுத்தாளில் ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரையில் மை அதிகமாக இருந்தால் படம் கெட்டுவிடும். தலை வந்த தேதிக்கு நெருக்கமாக முத்திரை இருந்தால் போட்டிக் கண்காட்சியில் மதிப்பு கூடும், வகுப்பில் காட்ட அது தேவையில்லை.

ஒன்று மட்டும் கவனம். தலையில் இருப்பது 1914-இல் திறந்த பழைய பாலம். 1964 புயலில் சிதைந்து, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் படத்தில் இந்தத் தலையை ஒட்டினால் பொருந்தாது. அங்கே தூக்குப் பகுதி இரண்டாகப் பிளந்து திறக்காது, 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். அதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, பிள்ளைகளையே படமெடுக்கச் சொல்லி அட்டையாக அச்சடித்து, பாம்பனிலிருந்தே தபாலில் போடச் சொல்லுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும். முகவரியைத் தனியாக அனுப்புகிறேன்.