50 கிலோ மூட்டைகள் இறங்கும் கிடங்கு: முதுகு போகாமல் வேலை நடக்க என்ன செய்யலாம்?

கேள்வி – தக்கலைக் கிடங்குப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகே சிமெண்ட், உரம், மாட்டுத்தீவனம் ஆகியவற்றை லாரியில் இறக்கிச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கிடங்கை நான் கவனித்து வருகிறேன். சிமெண்டும் தீவனமும் 50 கிலோ மூட்டைகள். யூரியா 45 கிலோ. கட்டடம் பழைய ஓட்டுக் கட்டடம் என்பதால், முற்றத்திலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே செல்ல முடியும். லாரிக்குள் இருவர் குனிந்து மூட்டையைத் தூக்கிக் கொடுக்க, கீழே நிற்பவர் சும்மாடு வைத்த தலையில் அதை வாங்கி, படியேறிப் போய் அட்டியில், அதாவது மூட்டை அடுக்கில், போடுகிறார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், முற்றம் காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு.

எங்கள் தொழிலாளர்களில் இருவர் இடுப்பு வலியால் வேலைக்கு வர முடியாமல் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வலி தொடை வழியாகக் கால்வரை இறங்குகிறது. இருவரும் குடும்பத்தைத் தாங்குபவர்கள் என்பதால் இது என்னை மிகவும் வருத்துகிறது. எல்லாருக்கும் இடுப்புப் பெல்ட் வாங்கிக் கொடுத்து, முழங்காலை மடக்கித் தூக்கும்படி சொன்னால் போதும் என்று உரிமையாளர் கருதுகிறார். தள்ளுவண்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதால், வண்டியில் ஏற்றி இறக்கினால் நேரம் போகிறது என்று யாரும் அதைத் தொடுவதில்லை. பெல்ட்டால் பயன் உண்டா? ஒருவர் எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்பதற்கு விதி ஏதும் இருக்கிறதா? பெரிய செலவில்லாமல் எதை முதலில் மாற்ற வேண்டும்?

பதில் – தொழிற்சாலைப் பாதுகாப்புப் பணியில் இருந்தவர், நாகர்கோவில்

ஐயா, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காயம் விளைவிக்கக்கூடிய அளவுக்குக் கனமான எந்தச் சுமையையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ ஒருவரைப் பணியமர்த்தக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு வகுத்த கொள்கை. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இல் கொண்டுவந்த அதிகபட்ச எடை குறித்த உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றது. அதனுடன் வந்த பரிந்துரை, வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் மூட்டை 50 கிலோதானே, அப்படியானால் பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். 55 என்பது தாண்டக்கூடாத உச்சம்; முதுகுக்கு நல்லது என்று யாரும் சொன்ன எடை அன்று.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்தி வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது மூட்டை உடலை ஒட்டியும், கைகள் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும், உடல் திரும்பாமலும் இருந்தால், இரண்டு கைகளால் தூக்கத் தகுந்த எடை 23 கிலோ. அதே மூட்டையைத் தரையிலிருந்து, உடலிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்து, பக்கவாட்டில் 45 பாகை திரும்பித் தூக்கினால், அந்த 23 கிலோ 10 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. லாரிக்குள் குனியும் இருவரும் 50 கிலோவை ஏறத்தாழ இந்த நிலையில்தான் தூக்குகிறார்கள். இருவர் சேர்ந்து தூக்குவதால் பலம் இரட்டிப்பாகும் என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டனின் வழிகாட்டுதல்படி, இருவருடைய தனித்தனித் திறனைக் கூட்டினால் வருவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

ஆகவே தூக்குபவருடைய உடலைத் திருத்துவதைவிட, மூட்டை இருக்கும் உயரத்தையும் அது போகும் வழியையும் திருத்துவதே முதல் வேலை. முழங்காலை மடக்கச் சொல்லிப் பயிற்சி மட்டும் கொடுத்த இடங்களில் முதுகுவலி குறையவில்லை என்பதை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். பெல்ட்டைப் பற்றியும் நியோஷ் 1994இலேயே, நல்ல உடல்நிலையில் இருக்கும் தொழிலாளர்களுக்கு அது காயத்தைத் தடுக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று தெரிவித்துவிட்டது. பெல்ட் கட்டியவர் தனக்குப் பாதுகாப்பு இருப்பதாக நம்பி இன்னும் கூடுதலாகத் தூக்கிவிடுவார் என்பதுதான் என் கவலை. அந்தப் பணத்தை மரச்சட்டங்களுக்குச் செலவிடுங்கள். அட்டியின் அடிவரிசை சட்டத்தின் மேல் உயர்ந்தால் சிமெண்டில் ஈரமும் ஏறாது, குனிவதும் குறையும். அதிகமாகக் கைமாறும் சரக்கை முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட வரிசைகளில் வையுங்கள்.

இந்த அறிவு நம் ஊருக்குப் புதிதன்று. திருவிதாங்கூர்க் காலத்துச் சாலையோரங்களில் இன்றும் நிற்கும் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு அதன்மேல் ஒரு கல்லைப் படுக்க வைத்த அந்த அமைப்பு, சுமந்து வருபவர் குனியாமலே இறக்கவும், யாருடைய உதவியும் இல்லாமல் மறுபடி தலையில் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் இருக்கும். உங்கள் லாரிக்கும் அட்டிக்கும் நடுவே அப்படி ஒரு மேடை வேண்டும்.

பதில் – இயன்முறை மருத்துவர், மார்த்தாண்டம்

மேலே சொன்னவற்றோடு உடலின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். முதுகெலும்பை நிமிர்த்தும் தசைகள், இடுப்பு வட்டிலிருந்து (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ‘டிஸ்க்’) ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில்தான் இழுக்கின்றன. 20 கிலோ எடையை வட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால், அதைச் சமன்செய்ய அந்தத் தசைகள் 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்திருப்பவருடைய உடலின் மேற்பாதி எடையும் அதோடு சேரும். இவ்வளவும் வட்டின் மேல்தான் அழுந்துகிறது. எடையைக் குறைக்க முடியாதபோதும் தொலைவைக் குறைக்க முடியும். மூட்டையை முதலில் தன் பக்கம் இழுத்து, வயிற்றோடு அணைத்த பிறகே தூக்க வேண்டும். திரும்புவதாக இருந்தால் இடுப்பை முறுக்காமல் காலடியை மாற்றி வைத்துத் திரும்ப வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று, வேலை நடக்கும் நேரம். இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து தூக்கினால் அவற்றின் மேல் விழும் விசை அதிகம். விடியற்காலையில் வந்து நிற்கும் லாரியை, படுக்கையிலிருந்து எழுந்து வந்த உடனே இறக்கச் சொல்லாதீர்கள். கொஞ்சம் நடந்து, முற்றத்தைக் கூட்டி, இலகுவான வேலைகளை முடித்த பின் மூட்டையைத் தொடட்டும்.

கால்வரை வலி இறங்குபவரை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் வலுக்குறைவு, பாதம் தூக்க முடியாமை, தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை அல்லது கழிக்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும். நம் பகுதியில் முதலில் வர்ம ஆசானிடம் போய்த் தடவுவது வழக்கம். அந்த மரபின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் நான் சொன்ன அறிகுறிகள் இருக்கும்போது தடவலுக்கும் முறுக்கிச் சொடக்கெடுப்பதற்கும் முன்பு பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இத்தகைய அறிகுறி இல்லாத சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு நாள்கணக்கில் படுக்கையில் கிடப்பது நல்லதன்று. நடமாடிக்கொண்டே இருந்து, படிப்படியாக வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வருபவருக்கு முதல் சில வாரங்களுக்குக் கணக்கெழுதுவது, வண்டி தள்ளுவது போன்ற வேலையைக் கொடுங்கள்.

பதில் – சுமைதூக்கும் தொழிலாளி, கோட்டாறு

பொறுப்பாளர் அண்ணனுக்கு வணக்கம். நான் சந்தையில் மூட்டை இறக்கியே குடும்பம் நடத்துகிறவன். தலையில் வைத்து நடக்கும்போது முதுகு நேராக இருக்கிறது. அப்போது கழுத்துதான் பாரத்தை வாங்குகிறது. இடுப்பு போவது இரண்டு இடங்களில். ஒன்று, லாரியின் தளத்தில் கிடக்கும் கடைசி வரிசையைக் கிளப்பும்போது. மற்றொன்று, அட்டியின் கீழ்வரிசையில் மூட்டையைத் தலையிலிருந்து சாய்த்து விடும்போது. விழும் மூட்டையோடு உடம்பும் முறுக்கிக்கொண்டு போகும். சணல் சாக்கு என்றால் விரலுக்குப் பிடி கிடைக்கும். இப்போது வரும் பிளாஸ்டிக் சாக்கு வியர்வைக் கையில் வழுக்கும். அது நழுவும் அந்த நொடியில் எட்டிப் பிடிக்கப் போய்த்தான் பலருக்குப் பிடித்துக்கொள்கிறது. நழுவினால் விட்டுவிடு, மூட்டை கிழிந்தால் கூலியில் பிடிக்க மாட்டோம் என்று நீங்கள் வாயால் சொல்லி வையுங்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பெரிய பலன் உண்டு.

வண்டியைத் தொடாததற்கு எங்களுக்குச் சோம்பல் காரணமன்று. மூட்டைக் கூலியில் நேரம்தான் காசு. வண்டியில் கொண்டுபோனாலும் அதே கூலி என்று உறுதி கொடுங்கள். ஒரு லாரிக்கு ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டு, குனிந்து கிளப்புகிறவர்களை மாற்றி மாற்றி நிறுத்துங்கள். வண்டியின் சக்கரமும் முக்கியம். சிறிய இரும்புச் சக்கரம் ஈர முற்றத்தில் புதையும். காற்றடைத்த பெரிய சக்கரமாக இருந்தால் நாங்களே வண்டியைத் தேடி எடுப்போம்.

இன்னொரு வேண்டுகோள். உங்களிடம் வேலை செய்பவர்கள் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்று இறக்கு வேலை அதற்குள் வருகிறது. பதிவு இல்லாமலும் புதுப்பிக்காமலும் இருந்துவிட்டு, விபத்து நடந்த பிறகு அலைகிறவர்கள்தான் எங்களில் அதிகம்.

மறுமொழி – தக்கலைக் கிடங்குப் பொறுப்பாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கால்வரை வலி இருப்பவரை நாளைக் காலையில் நானே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். பெல்ட் வாங்குவதை நிறுத்தி வைக்கவும், வண்டியில் கொண்டுபோகும் மூட்டைக்கும் அதே கூலி கொடுக்கவும் உரிமையாளரிடம் பேசி இசைவு பெற்றுவிட்டேன். நல வாரியப் பதிவை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிவருகிறேன். ஒரு தடை மட்டும் மீதம் இருக்கிறது. வாசலில் உள்ள இரண்டு படிகளும் சேர்ந்து ஓரடி உயரம். அங்கே வண்டி ஏறாது. பலகை போட்டால் போதுமா?

பதில் – தொழிற்சாலைப் பாதுகாப்புப் பணியில் இருந்தவர், நாகர்கோவில்

குட்டையான பலகை வேண்டாம். சரிவு செங்குத்தாகி, மழையில் வண்டியோடு ஆளும் பின்னால் வருவார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சிமெண்டுச் சரிவு கட்டுங்கள். முற்றத்தில் நேராக அவ்வளவு இடம் இல்லையென்றால் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோகலாம். மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்காமல் குறுக்கே வரிவரியாகக் கீறிவிடச் சொல்லுங்கள். இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாதபடி நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு வையுங்கள். மேலே ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் சரிவின் மேல் விழாமல் இருக்க ஒரு தகரப் பாத்தி மாட்டிவிட்டால், ஆடி மாதச் சாரலிலும் வண்டி ஓடும்.