கொலோஸ்டமி: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தாராவியிலிருந்து:
குழும அன்பர்களுக்கு வணக்கம். மும்பையின் பரேலுக்குச் சிகிச்சைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சு. கொலெக்டமி, கொலோடமி, கொலோஸ்டமி மூன்றும் நம் மக்கள் காதில் ஒன்றாகவே விழுகின்றன. முதலாவது பெருங்குடலை வெட்டி எடுப்பது. அடுத்தது கீறித் திறப்பது. மூன்றாவது குடலை வயிற்றுத் தோல்வரை கொண்டுவந்து மலம் வெளியேற வழி செய்வது. நீக்கம், கீறல் என்று முதல் இரண்டையும் முடித்துவிட்டேன். மூன்றாவதற்கு?

செம்பூரிலிருந்து:
'ஸ்டோமா' கிரேக்கத்தில் வாய். 'குடல்வாய் அமைப்பு' என்று வையுங்கள். கழுத்தில் செய்யும் டிரக்கியாஸ்டமி 'மூச்சுக்குழல்வாய் அமைப்பு' ஆகிவிடும். 'கருப்பைவாய்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மருத்துவராக எனக்கு இது போதும்.

மாட்டுங்காவிலிருந்து:
வேரைப் பாராமல் சொல் ஆக்கலாகாது. 'டோமி' என்றால் வெட்டு. நம் 'துமித்தல்' என்பதும் வெட்டுதலே! அணுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் 'வெட்டவியலாதது' என்ற அதே வேரில் பிறந்ததுதான். கீறலைத் தள்ளிவிட்டுக் 'குடல்துமி' என்று எழுதுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து:
ஐயா, ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? துமி என்றவுடன் கம்பர் கதையில் அச்சொல் குறிக்கும் மோர்த்துளிதான் நினைவுக்கு வருகிறது. தவிர, கேட்ட சொல் கொலோஸ்டமிக்கு. அதன் வால் டோமி அன்று, ஸ்டோமா. டாக்டர் அம்மாவின் 'வாய்' பொருள் சரி. ஆனால் மலம் வரும் இடத்தை வாய் என்றால் நோயாளி சோற்றில் கை வைப்பாரா?

மாட்டுங்காவிலிருந்து:
ஏன் வைக்கமாட்டார்? மலவாய்க்கு 'எருவாய்' என்றே பெயரிட்டவர்கள் நாம். புண்ணைத் தைப்பதைக்கூடப் பதிற்றுப்பத்து 'நெடுவெள்ளூசி' என்று பாடுகிறது. குளத்தில் பாய்ந்தெழும் சிச்சிலிப் பறவையைப் போல ஊசி முங்கி முங்கி எழுகிறதாம். தையலுக்கு அதிலிருந்தே ஒரு சொல்...

தாராவியிலிருந்து:
தையலுக்குத் தையல் போதும் ஐயா. எங்கள் தெருவில் இதைப் 'பை வைக்கிற ஆபரேஷன்' என்கிறார்கள். அதையே போட்டுவிட்டால் என்ன?

செம்பூரிலிருந்து:
கூடாது. மலம் சேரும் அந்தப் பை தோலின்மேல் ஒட்டப்படுவது. 'வைக்கிற' என்றால் வயிற்றுக்குள் ஏதோ வைத்துத் தைப்பதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். சிறுகுடலில் செய்யும் இலியாஸ்டமிக்கும் இதே பைதான். பலருக்கு இது தற்காலிக ஏற்பாடு. பிறகு குடலை இணைத்துவிடுவோம். 'வாய்' என்றால் அந்த இரண்டாம் ஆபரேஷனுக்குக் 'குடல்வாய் மூடல்' என்ற பெயரும் தானே கிடைக்கிறது. பையில் அது நடக்காது.

டோம்பிவிலியிலிருந்து:
மூடல் என்ற வாதத்துக்காக ஒப்புக்கொள்கிறேன். பெருங்குடலா சிறுகுடலா என்பதையாவது சொல்லில் காட்டுங்கள்.

தாராவியிலிருந்து:
வேறு யாரும் பேசவில்லை. 'பெருங்குடல்வாய் அமைப்பு' என்று தலைப்பிலும், 'கொலோஸ்டமி. வெளியே பை ஒட்டுவது' என்று அடியிலும் போடுகிறேன். டாக்டர்கள் வாயில் வரப்போவது கொலோஸ்டமிதானே. அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

மாட்டுங்காவிலிருந்து:
'அமைப்பு' என்றால் வாயின் கட்டமைப்பு என்றல்லவா பொருள்படும்? 'அமைத்தல்' என்று தொழிற்பெயராகவாவது வைத்திருக்கவேண்டும். என் மறுப்பு பதிவாகட்டும். துமிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.